உலோகப் படகுக்கு எந்த மேல்தளம்? வாசகர் கேள்விகள்

எஃகுப் படகின் மேல்தளத்தில் தேக்குப் பலகை பதிக்க ஆசைப்படுகிறேன். செய்யலாமா?

செய்யலாம். ஆனால் ஒரு ஸ்குரூகூடத் தகட்டைத் துளைக்கக் கூடாது. பலகை இடுக்குகளில் அடைத்த சீலன்ட் என்றைக்காவது எங்காவது விட்டுப்போகும். அந்த வழியாக இறங்கும் உப்புத் தண்ணீர் வெயிலிலும் காயாமல் அடியிலேயே கிடக்கும். ஸ்குரூ ஓட்டை இருந்தால் துரு அங்கேதான் பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, பலகையையே தூக்கிவிடும். தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது அதுவரை மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

தேக்குதான் வேண்டுமென்றால், தகட்டை வெறும் உலோகம் தெரியுமளவுக்கு மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, எபாக்சியை (இறுகி ஈரத்தைத் தடுக்கும் பிசின்) பல பூச்சு கொடுத்து, மேடுபள்ளத்தைச் சமன் செய்த பிறகு, இளகும் தன்மையுள்ள பாலியூரித்தேன் பசையால் ஒட்டுங்கள். அடியில் காற்றிடம் இருக்கவே கூடாது. 10 மி.மீ. தேக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை கிலோ; 20 சதுர மீட்டருக்கு 130 கிலோ. அவ்வளவு எடையும் படகின் உச்சியில் ஏறுகிறது என்பதையும் யோசியுங்கள்.

அப்படியானால் உங்கள் சிபாரிசு எது?

வழுக்காத பெயின்ட். எபாக்சி பிரைமர், அதன்மேல் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன். எபாக்சியை மட்டும் பூசி அப்படியே விட்டால் வெயிலில் சுண்ணாம்பு போல உதிரும். ஈரப் பூச்சின் மேல் சன்னமான மணலைத் தூவி, இன்னொரு பூச்சு கொடுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் கால் சுடாது. எங்கே கீறல் விழுந்தாலும் துரு உடனே கண்ணில் படும், அன்றைக்கே சுரண்டிப் பூசிவிடலாம். மற்ற எந்த உறையும் இந்த வசதியைத் தராது.

அலுமினியத் தளத்தை ஒன்றும் பூசாமல் விடலாமா?

5083 என்ற எண்ணுள்ள கலவை போன்ற கடல் தர அலுமினியம் பூச்சில்லாமலே தாங்கும். நனைந்தால் வழுக்கும், வெயிலில் கண் கூசும், அவ்வளவுதான். பூசுவதானால் தேய்த்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். தாமதித்தால், பெயின்ட் சரியாகப் பிடிக்க விடாத ஆக்சைடு படலம் மறுபடி உருவாகிக்கொண்டே இருக்கும். செம்பு கலந்த மருந்தில் ஊறவைத்த மரத்தை மட்டும் அதன்மேல் வைக்கவே வேண்டாம், அலுமினியம் குழிகுழியாக அரித்துப்போகும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளுக்கும் பிளாஸ்டிக் உறை, வாஷர் போட்டுத்தான் பொருத்த வேண்டும்.

எடை குறைய, எஃகு உடலின் மேல் பிளைவுட் தளம் போடலாமா?

வேண்டாம். மரமும் எஃகும் சேரும் விளிம்பு வெயிலிலும் குளிரிலும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். கசிவு அங்கேதான் ஆரம்பிக்கும். எடைதான் கவலை என்றால் அலுமினியத் தளம் போடுங்கள். எஃகையும் அலுமினியத்தையும் நேரடியாக வெல்டிங் செய்ய முடியாது. ஒரு பக்கம் எஃகும் மறுபக்கம் அலுமினியமுமாக, வெடிவிசையால் இணைத்த பட்டைகள் கிடைக்கின்றன. அவற்றை இடையில் வைத்து வெல்டிங் செய்வார்கள்.

செயற்கைத் தேக்கு?

பிவிசி வகை வெயிலில் நன்றாகச் சுடும். கார்க் அவ்வளவு சுடாது. எதுவானாலும் ஒட்டித்தான் பதிக்க வேண்டும்.

பழைய படகு வாங்கப் போகிறேன், தேக்குத் தளம் போட்டது. அடியில் எப்படிப் பார்ப்பது?

உள்ளே போய்க் கூரைப் பலகையையும் காப்புநுரையையும் கழற்றச் சொல்லி, அல்ட்ராசவுண்ட் கருவியால் கீழிருந்து தகட்டின் கனத்தை அளந்து பாருங்கள். உரிமையாளர் கழற்ற மறுத்தால், தகட்டை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.