கணக்குத் தாக்கல் செய்தும் 'செய்யவில்லை' என்று கடிதம், ரீஃபண்டும் வரவில்லை: என்ன செய்வது?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வசிக்கிறேன். வயது 64. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் வருகிறது, இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் இருக்கிறது. என் கணவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வயதானதும் அதை விற்று, பணத்தை வங்கியில் டெபாசிட் செய்தார். முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. 2022 நவம்பரில் காலமாகிவிட்டார். எல்லாம் எனக்கே என்று பதிவு செய்த உயில் இருக்கிறது. டெபாசிட்டை முதிரும்வரை அப்படியே விட்டுவிட்டேன். 2024 ஜூலையில் சேலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வருமான வரிக் கணக்குப் போட்டோம். அந்த வட்டியையும் என் கணக்கிலேயே காட்டினார்கள், 29,400 ரூபாய் திரும்ப வரும் என்றார்கள். வரவேயில்லை. இப்போது 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்குக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று எனக்கு ஒரு கடிதம், கணவர் பெயருக்கு ஒரு கடிதம். கண்டுகொள்ள வேண்டாம் என்கிறான் மகன். நகல்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மா, மகன் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு கடிதங்களும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. உங்கள் கணவர் பெயருக்கு வந்தது தவறான கடிதம். உங்கள் பெயருக்கு வந்தது, வருத்தத்தோடு சொல்கிறேன், தவறானது அல்ல.

பிரவுசிங் சென்டரில் கொடுத்த தாளை எடுத்துப் பாருங்கள். அதன் தலைப்பில் 'வெரிஃபிகேஷன் ஃபார்ம்' என்று இருக்கிறது. முறையாக முடிந்த கணக்கு என்றால் அந்த இடத்தில் 'அக்னாலெட்ஜ்மென்ட்' என்று வந்திருக்கும். கணக்கை இணையத்தில் ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ, நெட் பேங்கிங் வழியாகவோ அதை உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் எதுவும் நடக்காவிட்டால் சட்டத்தின் கண்ணில் அந்தக் கணக்கு தாக்கலே ஆகவில்லை. உங்களுக்கு நடந்தது இதுதான். யாரும் உங்களிடம் ஓடிபி கேட்கவில்லை, தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உறுதி செய்யச் சொல்லித் துறை அனுப்பிய நினைவூட்டல்கள் எங்கே போயின? நீங்கள் அனுப்பிய நகலிலேயே பதில் இருக்கிறது: மின்னஞ்சல் முகவரியும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவை அல்ல.

மலையிலிருந்து இறங்கி வந்து அடுத்தவர் கையால் கணக்குப் போடும் பெரியவர்கள் பலருக்கும் இதுதான் கதி. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது. வரி கட்ட வேண்டியதே இல்லாத ஒருவரின் பணம் இரண்டு நிமிட வேலை ஒன்று விடுபட்டதால் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆகவே முதல் வேலை, உங்கள் ஆதார் எண்ணை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றி, வருமான வரித் தளத்தில் உங்கள் சொந்த எண்ணையும் மகனின் மின்னஞ்சலையும் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, பணம் போய்விட்டதா என்றால், இல்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய கணக்கையே, உறுதி செய்யத் தாமதமானதை மன்னிக்கும்படி தளத்திலேயே விண்ணப்பித்து உயிர்ப்பிக்கலாம். சாதாரணமாக இதையே சொல்லுவேன். ஆனால் உங்கள் விஷயத்தில் வேண்டாம். ஏனென்றால் போட்ட படிவமே தப்பு. ஐடிஆர்-1 போட்டிருக்கிறார்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் படிவம் உதவாது. இன்னொருவர் பான் எண்ணில் பிடித்த வரியை நீங்கள் கேட்பதாக இருந்தாலும் அது உதவாது. உங்களுக்கு இரண்டும் பொருந்துகிறது. அந்தக் கணக்கை உயிர்ப்பித்தால், குறைபாடுள்ள கணக்கு என்று 139(9) பிரிவில் நோட்டீஸ் வரும். 15 நாளில் சரிசெய்யாவிட்டால் மறுபடியும் தாக்கல் செய்யாத கணக்காகிவிடும்.

அதனால் 119(2)(பி) பிரிவில் விண்ணப்பம் போடுங்கள். காலக்கெடு தாண்டிய ரீஃபண்ட் கோரிக்கையை, நியாயமான காரணம் இருந்தால் ஏற்கும் அதிகாரம் அதில் இருக்கிறது. 2024 அக்டோபர் 1-ம் தேதி வந்த நேரடி வரிகள் வாரியத்தின் 11/2024 சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 2030 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையரே முடிவு செய்யலாம், கூடுமானவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அனுமதி வந்ததும் ஐடிஆர்-2 போட்டு, அன்றே ஓடிபி கொடுத்து உறுதி செய்துவிடுங்கள். காலம் தாண்டியதால் புதுப்பித்த கணக்கு போடலாம் என்று யாராவது 'அப்டேட்டட் ரிட்டர்ன்' யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதில் ரீஃபண்ட் கேட்கவே முடியாது.

விண்ணப்பத்தில் காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதுங்கள்: கணினி தெரியாது, வேறொருவர் மூலம் போட்டேன், 2024 ஜூலையில் கணக்கு ஏற்றப்பட்டதற்கு இதோ தாள், உறுதி செய்ய வேண்டும் என்பது தெரியாது. அந்தத் தாள்தான் உங்கள் பலமான சாட்சி, மூலத்தைத் தொலைத்துவிடாதீர்கள். ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். இந்த வழியில் வரும் பணத்துக்கு வட்டி கிடையாது.

தொகையையும் சரிபார்த்தேன். ஓய்வூதியம் 4,20,000, உங்கள் சொந்த டெபாசிட் வட்டி 84,000, கணவர் பெயரிலிருந்த டெபாசிட் வட்டி 2,10,000. நிலைக்கழிவு 50,000 போக மொத்தம் 6,64,000. புதிய வரி முறையில் அந்த ஆண்டு ஏழு லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவில் வரித் தள்ளுபடி உண்டு. காப்பி வருமானம் 60,000 என்கிறீர்கள். காப்பிப் பழத்தைப் பறித்து அப்படியே வியாபாரிக்கு எடை போட்டால் அது முழுக்க விவசாய வருமானம், வரி இல்லை. வரி விகிதம் கணக்கிட மட்டும் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்தும் வரி 24,400 ரூபாய்தான் வருகிறது, தள்ளுபடியின் உச்சவரம்பான 25,000-க்குள் அடங்கிவிடுகிறது. நீங்களே பழத்தைப் பதப்படுத்தி (க்யூரிங்) விற்றால் மட்டும் 7பி விதிப்படி 25 சதவீதம் வியாபார வருமானமாகிவிடும், படிவமும் மாறும். ஆக, பிடித்த 29,400 முழுவதும் உங்களுக்குச் சேர வேண்டியது.

ஆனால் அதில் 8,400 மட்டுமே உங்கள் பான் எண்ணில் இருக்கிறது. மீதி 21,000 கணவர் பான் எண்ணில் கிடக்கிறது. கணவர் பெயருக்கு ஏன் கடிதம் வந்தது என்பதும் இங்கேதான் விளங்கும். வங்கி அவர் பான் எண்ணில் 2,10,000 வட்டியும் 21,000 டிடிஎஸ்ஸும் (வட்டியிலிருந்து முன்கூட்டியே பிடித்த வரி) காட்டியிருக்கிறது. துறையின் கணினி அந்தப் பான் எண்ணுக்குக் கணக்கு வந்ததா என்று தேடுகிறது, வரவில்லை, உடனே கடிதம் போகிறது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. இறந்தவர் பெயரில் மறுமதிப்பீட்டுக்காக 148-ம் பிரிவில் அனுப்பிய நோட்டீஸ் செல்லாது என்றும், மரணத்தைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் வாரிசுக்குச் சட்டத்தில் இல்லை என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒரு பதில் போட்டாலே முடிகிற விஷயத்துக்கு ரிட் மனு எதற்கு?

தளத்தில் கணவரின் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். இறப்புச் சான்று, அவர் பான், உங்கள் பான், பதிவு செய்த உயில் போதும். உயில் இல்லாதவர்கள் தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றை வைக்கலாம். அனுமதி வந்ததும் அவர் கணக்கில் ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கைப் பக்கத்தைத் திறந்து, அந்த வட்டிக்கு எதிரே 'இது வேறு பான் எண்ணுக்கு உரியது' என்ற பதிலைத் தேர்ந்தெடுத்து உங்கள் பான் எண்ணைக் கொடுங்கள். நிலுவை நடவடிக்கைகள் பகுதியில் கம்ப்ளையன்ஸ் போர்ட்டல் இருக்கும், அதில் இறந்த தேதியைச் சொல்லிப் பதில் போடுங்கள். போட்ட பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். 37பிஏ விதியின் இரண்டாம் உட்பிரிவின்படி, வருமானம் வேறொருவருக்கு உரியது என்று உறுதிமொழி கொடுத்தால், வங்கி டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தி உங்கள் பான் எண்ணுக்கு மாற்றித் தர வேண்டும். கவுன்டரில் இதெல்லாம் முடியாது என்பார்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் 21,000 ஏறிய பிறகு ஐடிஆர்-2 போடுவது நல்லது. மாற்றித் தராவிட்டாலும் கேட்கலாம். ஐடிஆர்-2வில் பிறர் பான் எண்ணில் பிடித்த வரிக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. அப்படியே டெபாசிட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஆண்டும் இதே கடிதம் வரும்.

கணவர் இறந்த ஆண்டின் கணக்கு, அதாவது 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரைக்கான வருமானம், யாராவது போட்டார்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த மாதங்களின் வருமானம் அவருடையது. வரம்பைத் தாண்டியிருந்தால் வாரிசாக நீங்கள்தான் அவர் பெயரில் போட வேண்டும்.

இந்தக் கடிதங்களைப் பார்க்காமல் விட்டால் அடுத்து கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி 142(1) நோட்டீஸ் வரலாம். அது வெறும் நினைவூட்டல் இல்லை. கெடுவுக்குள் பதில் இல்லையென்றால் 10,000 ரூபாய் அபராதம் போட இடமிருக்கிறது. அதிகாரி தன் கணிப்பில் வரியும் விதிக்கலாம். எந்தக் கடிதம் வந்தாலும் டின் (ஆவண அடையாள) எண் இருக்கிறதா என்று பார்த்து, தளத்தில் உள்நுழையாமலே அது உண்மைதானா என்று சோதித்துக்கொள்ளலாம். ரீஃபண்ட் அப்ரூவ் ஆகிவிட்டது, லிங்கைத் தொடுங்கள் என்று வரும் குறுஞ்செய்தியைத் தொடவே வேண்டாம்.

உறுதி செய்த கணக்குக்கே ரீஃபண்ட் வராமல் காத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் சில வார்த்தைகள். கணக்குப் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் வரை கணக்கைச் சரிபார்த்த முடிவைச் சொல்லும் 143(1) அறிவிப்பை அனுப்பத் துறைக்கு அவகாசம் உண்டு. அதுவரை பதற வேண்டாம். ஆதாரும் பானும் இணைந்திருக்கிறதா, வங்கிக் கணக்கு 'வேலிடேட்' ஆகியிருக்கிறதா, வங்கி இணைப்பால் ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை பாதிக் கேஸ் இங்கேயே தீர்ந்துவிடும். பழைய நிலுவையில் கழிக்கப்போவதாக 245-ல் கடிதம் வந்தால் 21 நாளுக்குள் மறுப்பைப் பதியுங்கள். கெடுவுக்குள் தாக்கல் செய்தவர்களுக்கு மாதம் அரை சதவீதம் வட்டி உரிமை, ஆனால் ரீஃபண்ட் மொத்த வரியில் பத்து சதவீதத்துக்குக் குறைந்தால் வட்டி இல்லை. தளத்தில் குறை பதிவு செய்தும் அசையவில்லையென்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸ், அதற்கும் மேல் உயர் நீதிமன்றம். 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், பழைய ஆண்டுகளுக்கு 1961 சட்டத்தின் இந்தப் பிரிவுகளே பொருந்தும்.

அம்மா, விண்ணப்பத்தின் நகல் ஒன்றை சேலம் வருமான வரி அலுவலகத்தில் உங்கள் வார்டு அதிகாரியிடமும் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கணவரின் பான் எண்ணை ரத்து செய்யச் சொல்லி இப்போதே எழுதிவிட வேண்டாம். வங்கித் திருத்தமும் உங்கள் ரீஃபண்டும் முடியும்வரை அது உயிரோடு இருக்கட்டும்.