ரவுட்டர் இருக்கும்போது விண்டோஸ் ஃபயர்வால் எதற்கு?

அன்புள்ள ஐயா,

வீட்டில் ஃபைபர் இணைப்பு. இரண்டு லேப்டாப், டிவி, வாசல் கேமரா எல்லாம் ஒரே வைஃபையில். பிரிண்டர் சரிசெய்ய வந்தவர், "ரவுட்டர்லயே ஃபயர்வால் இருக்கு சார், இது எதுக்கு?" என்று விண்டோஸில் இருப்பதை அணைத்துவிட்டார். பிரிண்டர் ஓடுகிறது. இரண்டும் தேவைதானா?

வாசகர், மடிப்பாக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் தேவை. ஃபயர்வால் என்பது நாம் கேட்காமல் வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல். அணைத்ததை முதலில் போட்டுவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

ரவுட்டரின் வேலை சிறியதல்ல. வீட்டுக் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரி கொடுத்துவிட்டு, வெளியே தானே பேசுகிறது. நாம் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை யாரிடம் சேர்ப்பது என்று தெரியாததால் தள்ளிவிடும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற, தானாகவே பரவும் 'புழு' வைரஸ் வந்தபோது, யாரும் எந்தக் கோப்பையும் திறக்காமலே, நடுவில் ரவுட்டர் இல்லாமல் இணையத்தில் நேரடியாக இருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்குள் புகுந்தது. அடுத்த வருடம் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலைத் தானாகவே இயங்க வைத்தது.

ஆனால் ரவுட்டர் காப்பது வாசலை. உங்கள் கேமராவிலிருந்து லேப்டாப்புக்கு ஒன்று போனால், வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. 2017-இல் வான்னாகிரை என்ற புழு அப்படித்தான், ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அதே நெட்வொர்க்கில் 445-ஆம் போர்ட் (கோப்புப் பகிர்வுக்கான வழி) திறந்திருந்த, அப்டேட் செய்யாத கணினிகளுக்குத் தாவியது. அதைவிட முக்கியம், லேப்டாப் வீட்டிலேயே இருப்பதில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனில் உட்கார்ந்து வைஃபை போட்டால், உங்கள் ரவுட்டர் கூட வராது. அங்கே விண்டோஸ் ஃபயர்வால் மட்டும்தான். அந்த மாதிரி இடங்களில் விண்டோஸில் அந்த வைஃபையின் வகையை 'பப்ளிக்' (பொது இடம்) என்றே வைத்திருங்கள்.

இதற்காகத் தனிப் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். இருக்கும் ரவுட்டரைக் கவனியுங்கள். போன மாதம் அம்பத்தூரில் அக்கா வீட்டு ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் தூசி படிந்த ஸ்டிக்கர், பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. அடித்துப் பார்த்தேன், திறந்துகொண்டது. நான்கு வருடமாக அப்படியே! 2016-இல் மிராய் என்ற வைரஸ் இந்த மாதிரி கம்பெனி பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுத்தான் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அன்றே மாற்றினேன். கருவிகள் கேட்டால் நம்மைக் கேட்காமலே வெளிவாசலைத் திறந்துவிடும் யூபிஎன்பி என்ற ரவுட்டர் வசதியையும் அணைத்தேன்.

ஃபயர்வாலைப் போட்டதும் பிரிண்டர் நின்றால், வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று இருக்கிறதா பாருங்கள். அதை 'பிரைவேட்' ஆக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் எழுதுங்கள்.