பணியாளர் நலத்திட்ட ஆலோசகர் என்பது இன்ஷூரன்ஸ் புரோக்கருக்கு இன்னொரு பெயர்தானா? வேலையே மாறிவிட்டதா?

வேலை நிஜமாகவே மாறிவிட்டது. அவருக்குப் பணம் வரும் வழிதான் பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது. கம்பெனி தன் ஊழியர்களுக்குச் சேர்த்து எடுக்கும் மருத்துவக் காப்பீடான குரூப் ஹெல்த் பாலிசிகளோடு பல ஆண்டுகளாகப் புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2007-க்கு முன்பு தீ விபத்துக் காப்பீட்டுக்குக் கட்டணத்தை நிர்ணயித்து வைத்திருந்தார்கள். அதில் நல்ல லாபம். தொழிற்சாலையின் தீ பாலிசி கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே, ஊழியர்களின் மெடிகிளெய்மை, அதாவது மருத்துவக் காப்பீட்டை, நஷ்டத்துக்கும் கொடுத்தார்கள். புரோக்கருக்கு விலை பேசுவதுதான் வேலை. அந்த ஆண்டு ஜனவரியில் கட்டண நிர்ணயம் விலக்கப்பட்டதும் தீ பிரீமியம் சரிந்தது, மெடிகிளெய்ம் தன் காலில் நிற்க வேண்டியதாயிற்று. நூறு ரூபாய் பிரீமியத்துக்கு நூற்றிருபது ரூபாய் கிளெய்ம் போனால், ரினியூவலில் விலை ஏறும். எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில், யாருக்குச் செலவானது என்று பார்க்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது அப்போதுதான்.

ஏறிய விலையைக் குறைக்கச் சுலபமான வழி, அறை வாடகைக்கு வரம்பு வைப்பது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வரம்பு 5,000 ரூபாயாக இருந்து, ஊழியர் 10,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், அறை வாடகையோடு நிற்காது. சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியை வெட்டிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் அன்றுதான் குடும்பத்துக்கே அது தெரியவரும். பாலிசி போடும்போதே இதை எச்.ஆரிடம் எடுத்துச் சொல்லாதவரை ஆலோசகர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு இடம், யாரும் கவனிக்காதது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குபவருக்கு அரசின் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. உண்டு, அவரைச் சார்ந்த பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. இன்க்ரிமென்ட் வந்து அந்த வரம்பைத் தாண்டினால், நடப்பு அரையாண்டுப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ.க்குக் கட்டும் பங்களிப்பு நிற்கிறது, சில மாதங்களில் சிகிச்சை உரிமையும் போகிறது. கம்பெனியின் குரூப் பாலிசியில் மனைவி, பிள்ளைகள் மட்டும் என்றிருந்தால், சம்பளம் கூடியதாலேயே அப்பா அம்மாவுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. இந்த விளிம்பில் நிற்பவர்களைப் பட்டியல் எடுத்து, பெற்றோருக்கு ஒரு வழி செய்யச் சொல்வதும் இன்று ஆலோசகரின் வேலைதான்.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின், வேலையை விடும்போது ஊதியத்தை வைத்துக் கணக்கிட்டுத் தரும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) இவர் மேஜைக்கு வந்துவிட்டது. அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியமாகக் கணக்காகும். குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி. இதற்காகக் கம்பெனி ஒதுக்க வேண்டிய தொகை கூடுகிறது.

இத்தனைக்கும் அவருக்குக் கூலி பெரும்பாலும் பிரீமியத்தில் ஒரு பங்கு. பிரீமியம் குறைந்தால் அவர் வருமானமும் குறையும். பிரீமியத்தைச் சாராத கட்டணம் பேசுவது நல்லது என்பேன். முடியாவிட்டால் கமிஷன் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, போன வருஷம் மறுக்கப்பட்ட கிளெய்ம்களில் எவற்றை மறுபரிசீலனைக்கு எடுத்துப்போனார், எத்தனை திரும்பக் கிடைத்தது என்று பெயர்களை மறைத்த பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.