வென்டிலேட்டரை எடுத்தால் கேஸ் ஆகுமா?

பன்னிரண்டு நாளாக அப்பா வென்டிலேட்டரில், மீள வழியில்லை என்கிறார்கள், எடுத்தால் போலீஸ் கேஸ் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முறைப்படி செய்தால் ஆகாது. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இந்த நிலையில் சிகிச்சையை நிறுத்தலாம் என்று அப்பா முன்பே எதுவும் எழுதி வைக்காவிட்டாலும் பரவாயில்லை. சிகிச்சை தரும் டாக்டரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் பார்க்கும். குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அப்புறம் இரண்டாவது டாக்டர் குழுவும் பார்க்கும். மாஜிஸ்திரேட்டுக்கு ஆஸ்பத்திரியே தகவல் சொல்லிவிடும்.

அண்ணன்தான் மறுக்கிறார் என்றீர்களே, அவரோடு வாதாடாதீர்கள். ஐசியூ டாக்டரோடு தனியாக உட்கார வையுங்கள். எங்கள் சித்தப்பா விஷயத்தில், நாங்கள் மூன்று நாள் சொல்லிக் கேட்காத அத்தை டாக்டரிடம் பத்தே நிமிடம் பேசிவிட்டு வந்து அழுதார், சரி என்றார்.

குழாயை எடுக்கும்போது மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மார்ஃபின் கொடுப்பார்களா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.