பத்து வருட ஐ.சி.யு. அனுபவம் இருந்தால் நர்சிங் மாணவிகளுக்குக் கற்பிக்கலாமா?

பெங்களூருவில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்து ஐ.சி.யு.வில் பத்து வருடம் வேலை பார்க்கும் உங்கள் அக்கா கல்லூரியில் டியூட்டர் (ஆரம்பநிலை ஆசிரியர்) ஆக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜி.என்.எம். மட்டும் வைத்து முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி டியூட்டருக்குக் குறைந்தது பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். முடித்தவர்கள் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யும், ஒரு வருட அனுபவமும் வேண்டும், எம்.எஸ்சி. இருந்தால் முன்னுரிமை. அக்கா போஸ்ட் பேசிக் படிக்க இரண்டு வருடம் ஆகும். கர்நாடக நர்சிங் கவுன்சில் பதிவும் அவசியம்.

ஆனால் வார்டில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அக்கா தாராளமாகச் சொல்லிக் கொடுக்கலாம். உண்மையில் கை பழகுவது அங்கேதான். பொம்மைக் கையில் கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போட்டுப் பழகிய பெண், எழுபது வயதுப் பாட்டியின் நழுவும் ரத்தக் குழாயைப் பார்த்ததும் திணறிவிடுவாள். தோலைக் கட்டை விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பிடி, ரத்தம் தெரிந்ததும் ஊசியைச் சற்றுத் தாழ்த்து என்று பக்கத்தில் நின்று சொல்ல அனுபவசாலிதான் வேண்டும். பாட்டி தமிழில் "வலிக்குதம்மா" என்றால் கையை நிறுத்தவும் அவர்தான் கற்றுக் கொடுப்பார்.

அப்புறம், சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) சான்றிதழ் வகுப்பு எடுப்பது தனி. அதற்குப் பயிற்றுநர் சான்றிதழ் வேண்டும், எம்.எஸ்சி. மட்டும் போதாது.

அக்காவைப் போஸ்ட் பேசிக் சேரச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்கள் கல்லூரிக்குள் வர வேண்டும்.