கோடை முழுக்க வீட்டிலேயே இருக்கப் போகிறேன், ரசிக்க என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் அதில் பாதி உங்களுக்குக் கிடைக்காது. கோடையின் சுகமெல்லாம் வெயிலை ஒட்டியேதான் இருக்கிறது. வேர்த்த உடம்பில் படும் காற்றின் சுகம், ஏற்கெனவே குளிர்ந்த உடம்பில் படும் காற்றுக்குக் கிடையாது. (கடும் வெப்ப அலை நாட்களை நான் சொல்லவில்லை. வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் அப்போது தாராளமாக ஏசி போடுங்கள்.)

என்னைக் கேட்டால், விடியற்காலையைத் தூங்கிக் கழிக்கவே கூடாது. பொதுவாக ஒரு நாளின் குறைந்த வெப்பநிலை நள்ளிரவில் வருவதில்லை, சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் வரும். அந்த நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்து, நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். முந்தைய நாள் சுவர் குடித்த சூடு வெளியே போவது தோலுக்கே தெரியும். வெயில் ஏறியதும் அது விழும் பக்கத்து ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டால், அந்தக் குளுமை இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் நிற்கும்.

மதியத்துக்கு வெறும் தரை. பாய், மெத்தை எதுவும் வேண்டாம். அறைக்குள் மெத்தையும் டைல்ஸ் தரையும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும், ஆனால் தரை உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் ஜில்லென்று இருக்கிறது. படுத்த இடம் சூடேறியதும் ஒரு புரளு புரண்டால் பக்கத்திலேயே புதுக் குளுமை. கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும்போது, திரை இடுக்கு வழியாக வரும் ஒற்றைக் கோட்டு வெளிச்சத்தில் தூசி மிதப்பதும், அந்தக் கோடு மெல்ல நகர்ந்து நாற்காலிக் காலைத் தொடுவதும் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே கண் சொக்கும் தூக்கம் வேறு எந்தப் பருவத்திலும் எனக்கு வருவதில்லை.

அப்புறம் ஈரத் துண்டு. நன்றாகப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு எதிரே உட்காருங்கள். ஒரு கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி போதும், அதே ஒரு கிராம் தோலின் மேல் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும், அதில் ஒரு பகுதியை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமான இடத்தில் இது அவ்வளவாக எடுபடாது, சரி, அங்கே இன்னொரு தடவை குளித்துக்கொள்ளலாம். இரண்டுமே சுகம்தான்.

இதற்கெல்லாம் மேலே நான் வைப்பது கோடை மழையின் மண்வாசனையை. 1964-ல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து எழுதினார்கள்: வறண்ட நாட்களில் கல்லும் மண்ணும் எண்ணெய்ப் பசையான பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன, ஈரம் பட்டதும் அவை வாசனையாக வெளிவருகின்றன. மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. லட்சம் கோடிப் பங்கில் ஒரு சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். காய்ந்து கிடந்த தொட்டிச் செடிக்குச் சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போதே இதில் கொஞ்சம் கிடைக்கும், குனிந்து முகர்ந்து பாருங்கள். நிஜமாகவே மழை வந்தால், கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவதற்கு முன்னால் வாசலில் நின்று இரண்டு மூச்சு இழுத்துக்கொள்ளுங்கள். துணியை மறுபடி காயப்போடலாம், அந்த வாசனை கொஞ்ச நேரத்தில் போய்விடும்.