கோ (Go) நிரல் மொழியின் பெஞ்ச்மார்க்கில் (வேகச் சோதனையில்) 0.3 நானோ நொடி: நம்பலாமா?

கேள்வி தஞ்சாவூரிலிருந்து: மேட்டூர் நீர்த்திறப்பை டி.எம்.சி.யாக மாற்றும் ஃபங்ஷன் (விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.) 0.3 நானோ நொடி காட்டுகிறதே, சரியா?

சரியில்லை. 3 கிகாஹெர்ட்ஸ் சிப்பில் அது ஒரே ஒரு கிளாக் சுற்று. நீங்கள் அளந்தது ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப அழைக்கும் வெறும் லூப்பை. விடையை யாரும் பயன்படுத்தாததால் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) கணக்கையே தூக்கிவிட்டது. பி.என் (b.N) என்ற எண்ணிக்கை வரை லூப்பை ஓட்டும் பழைய முறையில் இது அடிக்கடி நடக்கும்.

2025-இல் வந்த கோ 1.24 பதிப்பின் பி.லூப் (b.Loop) முறைக்கு மாறுங்கள். லூப்புக்குள் அழைக்கும் ஃபங்ஷனின் உள்ளீட்டையும் விடையையும் கம்பைலர் நீக்காது. லூப்புக்கு முன் கோப்பைப் படிக்கும் நேரமும் கணக்கில் சேராது. கம்பைலரே ஒத்துழைக்கும் இந்த வசதி மொழியோடு வருவதுதான் நல்லது.

கவுன்ட் 10 (-count=10) கொடுத்து பத்து முறை ஓட்டி, பழைய, புதிய முடிவுகளை பெஞ்ச்ஸ்டாட் (benchstat) என்ற ஒப்பீட்டுக் கருவியில் ஒப்பிடுங்கள். கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது எடுத்த எண்களைச் சேர்க்காதீர்கள். சிப்பின் வேகம் இறங்கியிருக்கலாம்.